கிழக்குச் சுவர் கட்டிய கை

கரோல் பாக்,
11-6-1981

கலியன் கொத்தனாருக்கு இராஜமாணிக்கம் எழுதிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை சிவகாசியிலிருந்து வந்து சேர்ந்தேன். குளித்துவிட்டு நேரே ஜனக்புரி வீட்டின் பின்பக்கம் போய், நான் ஊரில் இல்லாத நாலு வாரத்தில் நீர் கட்டி முடித்த சரக்கு அறையைப் பார்த்தேன். பின்சுவர் கோணல். சாந்து வேலை அலங்கோலம். விஷயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் விவரம்.

எனக்குக் கொத்து வேலை தெரியாது. ஆனால் தீப்பெட்டி, நோட்டு, காலண்டர் என்று பதினெட்டு வருஷமாக இங்கே கரோல் பாக்கில் கடை வைத்துச் சரக்கு அடுக்கி விற்கிறவன். அடுக்கினது நேராக இருக்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரியும். நூல் பிடித்துப் பார்த்தேன். இடது மூலைக்கும் வலது மூலைக்கும் ஒன்றேகால் அங்குலம் வித்தியாசம். சாந்து ஓர் இடத்தில் கட்டைவிரல் கனம், பக்கத்துச் செங்கல்லில் ஒரு காலண்டர் தாள் நுழையாது. ஏழு இடத்தில் மேல் கல்லின் சந்தும் கீழ்க் கல்லின் சந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. வழிந்த சாந்தை வழித்து எடுக்கக்கூட இல்லை. அப்படியே நாக்குத் தள்ளிக் காய்ந்து போயிருக்கிறது.

இதில் வேடிக்கை, கிழக்குச் சுவர் அப்படி இல்லை. நாற்பத்தொரு வரியும் கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கிறது. அதில் ஒரு குறை சொல்ல முடியவில்லை.

பூசிவிட்டால் தெரியாது என்று நீர் நினைத்திருக்கலாம். பூச இடமில்லை. சிமெண்ட் பெர்மிட்டில் எனக்குக் கிடைத்தது பன்னிரண்டு மூட்டை, அது சுவருக்கே சரியாகப் போயிற்று. வெளிப்பக்கம் வெறும் கல்தான் என்று புறப்படுமுன் உம்மிடம் சொல்லியிருந்தேன். ஜூலை இரண்டாவது வாரம் பள்ளிக்கூட நோட்டு லாரியில் வருகிறது. சந்து வழியாக மழைத்தண்ணீர் இறங்கினால் எனக்கு நோட்டு போயிற்று.

உமக்கும் நஷ்டம் உண்டு. மத்திய சர்க்கார் ஊழியர்கள் சேர்ந்து வீட்டுச் சங்கம் வைத்திருக்கிறார்களே, அதன் செயலாளர் வேதாந்தம் சாரிடம் உம்மைப் பற்றிச் சொல்லி வைத்தேன். இருபத்து நாலு வீடு. சிமெண்ட் தட்டுப்பாட்டால் அதற்கும் வெளிப்பூச்சு கிடையாது, வெறும் கல்தான். ‘உங்கள் ஆள் கட்டினதை ஒருதரம் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்’ என்றார். ஜூலை ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வருகிறார். பின்தெரு வழியாக உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுவது பின்சுவர்.

கூலி முழுதும் என் வீட்டில் கொடுத்தாயிற்று. அதில் பேச்சில்லை. வந்து பின்சுவரைச் சரி செய்து கொடும்.

இராஜமாணிக்கம்


பரீதாபாத்,
15-6-1981

அண்ணாச்சி அவர்களுக்கு, கலியன் வணக்கமுங்க.

தங்கள் கடிதம் டீக்கடை விலாசத்துக்கு வந்து கிடைத்தது. வாசித்துப் பார்த்து மனசுக்குக் கஷ்டமாயிட்டுது. இங்கே பேக்டரி காம்பவுண்டு வேலை ஓடிக்கொண்டு இருக்கிறது. ஆறு ஆள் என்னை நம்பி நிற்கிறார்கள்.

அண்ணாச்சி ஒன்று யோசிக்கணும். கல் வாங்கினது தாங்கள். அவ்வல் கல் வாங்கியிருந்தால் நாலு ஓரமும் கத்தி மாதிரி இருக்கும். தாங்கள் வாங்கினது இரண்டாம் தரம், தோயம். ஒரு கல் ஒன்பது அங்குலம், ஒரு கல் எட்டே முக்கால். சூளையில் வளைந்த கல் சுவரிலும் வளைந்துதான் நிற்கும்.

அப்புறம் நம்ம ஊர்ப் பக்கம் சுவர் வைக்கிறது வேற, பூசுறது வேற. வைக்கிறவன் சுருக்காக வைப்பான், பூசுறவன் அதை மறைப்பான். ஒரு நாளைக்கு எண்ணூறு கல் வைக்கிறவன் என்றுதான் ஆத்தூரிலும் கள்ளக்குறிச்சியிலும் எனக்குப் பேர். இருபத்திரண்டு வருசத்தில் வரி எண்ணின முதலாளி தாங்கள் ஒருத்தர்தான். வெறும் கல்தான் என்று சொன்னீர்கள், வாஸ்தவம். எப்படியும் கடைசியில் எல்லாரும் பூசிவிடுவார்கள் என்று நினைத்துவிட்டேன். அது என் தப்பு.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது கூலிக்கு ஆள் நிற்கிற முக்கில் ஒருத்தனைப் பிடித்துப் பின்சுவரை வைக்கச் சொன்னேன். அந்தக் கோணல் அவன் கை. கிழக்குச் சுவர் என் கை. தாங்களே நல்லா இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

வேதாந்தம் ஐயாவிடம் கிழக்குச் சுவரைக் காட்டுங்கள். அந்த டேக்கா, அதுதான் காண்டிராக்ட், கிடைத்தால் இரண்டு வருசத்துக்கு என் ஆட்கள் ஊர் ஊராக அலைய வேண்டாம். தாங்கள் சொன்னால் அவர் கேட்பார்.

கலியன்


கரோல் பாக்,
18-6-1981

கலியன் கொத்தனாருக்கு,

தோயம் கல் வாங்கினது நிஜம். ஆயிரத்துக்கு நாற்பது ரூபாய் மிச்சம் என்றுதான் வாங்கினேன், மறைக்கவில்லை. ஆனால் கிழக்குச் சுவருக்குத் தனியாக நான் அவ்வல் கல் இறக்கவில்லையே. அதே லாரி, அதே குவியல். ஒரு சுவரில் வளைகிற கல் இன்னொரு சுவரில் எப்படி நிமிர்ந்தது என்று யோசித்துப் பாரும்.

முக்கில் நின்ற ஆள் கதையும் சரி. கிழக்குச் சுவர் உம் கை என்கிறீர், ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் சிக்கலே இல்லை. அதே கையோடு வந்து பின்சுவரை வையும். முழுதையும் பிரிக்க வேண்டாம். மேல் எட்டு வரி ரொம்ப மோசம், அதை மட்டும் பிரித்து மறுபடி வைத்துக் காட்டும். அது நன்றாக வந்தால் கீழே உள்ளதைச் சந்து சுரண்டிச் சமாளிக்கலாம். கூரைத் தகடு இன்னும் ஏற்றவில்லை, அதனால் பிரிக்கத் தோதுதான். பஸ் செலவும் சாப்பாடும் என்னுடையது. சிமெண்ட் ஒரு மூட்டை பக்கத்து வீட்டுக்காரரிடம் கைமாற்றாக வாங்கி வைத்திருக்கிறேன்.

வேறு ஆள் தேடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தேடினேன். கரண்டி பிடிக்கத் தெரிந்தவன் எல்லாம் ஆசியாட் ஸ்டேடியம் கட்டுகிற வேலைக்குப் போய்விட்டான். கிடைத்த ஒருவன் நாளுக்கு நாற்பது கேட்டான். அவனை உட்காரச் சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாரும். அன்றைக்கு எனக்குக் கடை உண்டு, வீட்டில் என் சம்சாரம் இந்திராணி இருப்பாள். திங்கள் கடை விடுமுறை, நான் வீட்டில்தான். இருந்து பேசிவிட்டுப் போகலாம்.

இராஜமாணிக்கம்


பரீதாபாத்,
23-6-1981

அண்ணாச்சி அவர்களுக்கு,

தாங்கள் எழுதினபடி ஞாயிற்றுக்கிழமை வந்து மேல் எட்டு வரியைப் பிரித்து, பொழுது சாய்வதற்குள் திரும்ப வைத்துவிட்டேன். அம்மா இரண்டு தரம் டீ கொடுத்து, மத்தியானம் சாப்பாடும் போட்டார்கள். திங்கட்கிழமை இருந்து தங்களைப் பார்க்க முடியவில்லை. இங்கே சூப்பர்வைசர் காலை ஏழு மணிக்குப் பேர் கூப்பிடுவான், அதனால் வேலை முடிந்ததும் சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன். ஒரு வாரம் சுவருக்குத் தண்ணீர் விடச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்தத் தடவை நூல் கட்டித்தான் வைத்தேன். சாந்தையும் வழித்துவிட்டேன்.

இங்கே ஆட்களிடம் இருபத்து நாலு வீட்டு வேலை நமக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். அதை நம்பி இரண்டு பேர் ஊரிலிருந்து குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வரக் கடுதாசி போட்டுவிட்டார்கள். தாங்கள் ஐந்தாம் தேதி நல்லபடியாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

கலியன்


கரோல் பாக்,
26-6-1981

கலியன் கொத்தனாருக்கு,

திங்கட்கிழமை நிதானமாகப் பார்த்தேன். முன்பு இருந்ததற்குத் தேவலை. ஆனால் இது பின்சுவர் கட்டின அதே கைதான். கிழக்குச் சுவர் கட்டின கை இல்லை.

எப்படித் தெரியும் என்று கேட்பீர். எங்கள் ஊரில் தீப்பெட்டிக் கட்டு வீட்டுக்கு வீடு கட்டுவார்கள். நான் சிறு வயதில் சைக்கிளில் போய் அந்தக் கட்டுகளைச் சேகரித்துக் கம்பெனியில் கொடுத்து ஆளானவன். கட்டைப் புரட்டிப் பார்த்தால் எந்த வீட்டுக் கட்டு என்று சொல்லிவிடுவேன். ஒருத்தி நூலை இழுத்து முடிவாள், ஒருத்தி தளர்த்தி முடிவாள். கேட்டால் அவர்களுக்கே தெரியாது. கை மாறினால் கட்டு மாறும்.

பின்சுவரில், வரிசைக் கடைசியில் துண்டுக் கல் வேண்டியபோது கரண்டியால் ஒரு போடு போட்டு உடைத்திருக்கிறது. உடைந்த முனை அப்படியே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீர் வைத்ததிலும் அதே உடைப்பு. கிழக்குச் சுவரில் ஒவ்வொரு துண்டுக் கல்லும் இன்னொரு கல்லில் தேய்த்து முனை மழுக்கி வைத்திருக்கிறது. நீர் பிரித்துப் போட்ட பழைய கல்லையும் பார்த்தேன். சூளைக்காரன் முத்திரை அமுக்கின பள்ளம் கீழே பார்க்கக் கிடந்திருக்கிறது, அதற்குள் சாந்தே போகவில்லை. கல் நனையாமல் வைத்ததால் சாந்து பிடிக்காமல் கையோடு உரிந்து வருகிறது. கிழக்குச் சுவரின் மேல் வரியில் நாலு கல்லைத் தட்டிப் பார்த்தேன். பள்ளம் மேல்பக்கம், முழுக்கச் சாந்து. அசையவில்லை.

ஆக, முக்கில் நின்ற ஆள் பின்சுவர் கட்டவில்லை. அது நீர். கிழக்குச் சுவர்தான் வேறு ஆள். நல்ல வேலையை உம் பேரில் எழுதிக்கொண்டு கெட்டதை இல்லாத ஆள் தலையில் போட்டுவிட்டீர். வியாபாரத்தில் இதை நானும் பார்த்திருக்கிறேன், அதற்காக மூக்கைச் சிந்தவில்லை. எனக்கு வேண்டியது அந்த ஆள். அவன் யார், எங்கே இருக்கிறான், என்ன கூலி கேட்பான், இதை எழுதும்.

நீர் எழுதாவிட்டால், ஐந்தாம் தேதி வேதாந்தம் சார் கேட்கும்போது ‘கிழக்குச் சுவர் கட்டினவனைத் தேடிப் பிடியுங்கள், கலியன் வேண்டாம்’ என்றுதான் சொல்வேன். முகத்துக்கு நேரே சொல்வதை முன்கூட்டியே எழுதிவிட்டேன்.

இராஜமாணிக்கம்


பரீதாபாத்,
29-6-1981

முதலாளி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

அந்த ஆள் கிடைக்காது. பேரும் சொல்வதற்கில்லை. கூலி கேட்கிற ஆளும் இல்லை.

நான் பொய் சொன்னது வாஸ்தவம். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் இருபத்திரண்டு வருசம் வெயிலில் நின்றவனை, ஒரு வாரம் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, நீ வேண்டாம், அந்தக் கைதான் வேண்டும் என்று எழுதுகிறீர்கள். தங்கள் கடிதத்தை நான் ஒருத்தனாக உட்கார்ந்து வாசிக்கவில்லை. வீட்டில் சத்தமாக வாசிப்பதுதான் வழக்கம். அந்தக் கிழக்குச் சுவரைப் புகழ்ந்து எழுதினதை எல்லாம் என் வாயாலேயே வாசித்தேன். அது போதும்.

என் சுவர் விழாது. நான் கட்டின எந்தச் சுவரும் இதுவரைக்கும் விழுந்ததில்லை. பார்க்க அழகா இல்லை என்றால் அது வேற பேச்சு.

வேதாந்தம் ஐயாவிடம் தங்கள் இஷ்டப்படி சொல்லிக்கொள்ளுங்கள். ஆட்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இத்தனை துப்புத் துலக்கினவர்கள், வேலை நடந்த அன்றைக்கு வீட்டில் யார் இருந்தார்களோ அவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கலியன்


ஜனக்புரி,
2-7-1981

கலியனுக்கு,

தபாலை நம்பினால் நாள் போதாது. இதைக் கொண்டு வருகிற வேலு நம்ம லாரிக்காரன். பரீதாபாத்தில் சரக்கு இறக்கிவிட்டு நாளைக்கு அதே வழியாகத் திரும்புகிறான். பதிலை அவனிடமே கொடுத்துவிடும்.

உம் கடைசி வரியை வாசித்துவிட்டு வீட்டுக்குள் போனேன். இந்திராணி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கிழக்குச் சுவரைக் கட்டினது யார், உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் ‘அருக்காணி’ என்றாள்.

மூன்று வாரமாக நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன், ஏன் சொல்லவில்லை என்றேன்.

‘நூலைக் கேட்டீங்க, அளவு நாடாவைக் கேட்டீங்க. என்னைக் கேட்கலையே’ என்றாள்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். பின்சுவர் முடிந்த அன்றைக்கு உமக்குக் குளிர்காய்ச்சல் கண்டு ஜுக்கிக் குடிசையை விட்டு எழுந்திருக்கவில்லை என்றும், மறுநாள் உம் சம்சாரம் மட்டும் தனியாக வந்து நின்றாள் என்றும். வேலை நின்றால் நீங்கள் வேறு ஆளை வைத்துவிடுவீர்கள் அக்கா என்று இவளிடம் சொல்லியிருக்கிறாள். கண்ணாடி வளையலைக் கழற்றி எங்கள் ஜன்னலில் வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தாளாம். புருஷன் காய்ச்சலில் கிடக்கும்போது கையை வெறுமையாக வைக்காதே என்று இந்திராணி சத்தம் போட்டு, மஞ்சள் நூல் ஒன்றைக் கட்டிவிட்டிருக்கிறாள். ஒன்பது நாள். கல்லும் அவளே சுமந்து, அவளே நனைத்து, அவளே வைத்திருக்கிறாள். முதலாளிக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனாளாம். கேட்டால் சொல்லக் கூடாது என்று சத்தியத்தில் இல்லை, அதனால் சொன்னேன் என்கிறாள் இவள். வளையல் இரண்டு இன்னும் எங்கள் ஜன்னலில் இருக்கிறது.

அந்த ஒன்பது நாளைக்கும் கொத்தனார் கூலியும் சித்தாள் கூலியும் நீர் வாங்கியிருக்கிறீர். அதைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை. இரண்டு வேலையும் நடந்திருக்கிறது. செய்தது ஒருத்தி என்பதுதான் விஷயம்.

எங்கள் ஊரில் கட்டு கட்டின கையெல்லாம் பெண்கள் கைதான். அதை உமக்கு எழுதிய பிறகும், சுவர் கட்டினவன் என்று ஆண்பிள்ளையைத்தான் தேடினேன். அந்தத் தப்பு என்னுடையது.

இனி நடக்க வேண்டியதைப் பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை வேதாந்தம் சார் வருகிறார். யார் கட்டினது என்று கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீர் சம்மதிக்காமல் உம் வீட்டு விஷயத்தை அவர் முன்னால் பரப்பவும் மாட்டேன். சம்மதமா இல்லையா, ஒரு வரி போதும். சம்மதம் இல்லையென்றால் வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறேன். டேக்காவும் அதோடு போயிற்று.

இன்னொன்று. என் பின்சுவரை முழுக்கப் பிரித்துவிட்டு அருக்காணியையே வைக்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சித்தாளுக்கு ஒன்பது ரூபாய், கொத்தனாருக்கு இருபத்திரண்டு என்பது இப்போதைய நிலவரம். நான் நாளுக்குப் பதினைந்து தருகிறேன். சித்தாள் கூலிக்கு மேல் ஆறு ரூபாய். நியாயமாகத்தான் சொல்கிறேன்.

இராஜமாணிக்கம்


பரீதாபாத்,
3-7-1981

அண்ணாச்சி அவர்களுக்கு,

வேலு வெளியே லாரியில் காத்திருக்கிறார். அவசரத்தில் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். அதையும் நூல் பிடித்துப் பார்க்க வேண்டாம்.

அம்மா சொன்னது அத்தனையும் சரி. நான் சொல்லாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் விட்டு எழுந்து நான் அந்தச் சுவரைப் பார்க்க வந்த அன்றைக்கு ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். கோணல் எங்காவது இருக்காதா, ஒரு இடத்தில் இருந்தாலும் போதும் என்று தேடினேன். கிடைக்கவில்லை. அருக்காணி பக்கத்தில்தான் நின்றாள். அன்றைக்கே நான் ஒரு வார்த்தை நல்லா இருக்கிறது என்று சொல்லியிருந்தால் தங்களுக்குப் பொய் எழுதியிருக்க மாட்டேன் என்று இப்போது நினைக்கிறேன்.

எப்படி இவ்வளவு நேராக வந்தது என்று நேற்றுத்தான் கேட்டேன். ‘பயந்து பயந்து வச்சேன். தப்பா வந்தா உன் பேரு போயிடும்னு ஒவ்வொரு கல்லையும் மூணு தரம் பார்த்தேன்’ என்றாள். பதினாலு வருசம் எனக்குக் கல் எடுத்துக் கொடுத்தவள். சாந்து போட்டுவிட்டு நான் பீடி பிடிக்கப் போகிற நேரத்தில் இரண்டு கல், மூன்று கல் வைத்துப் பார்ப்பாளாம். எனக்குத் தெரியாது. எத்தனை சுவரில் அவள் கல் இருக்கிறதோ.

ஆட்கள் சிரிப்பார்கள் அண்ணாச்சி. பெண்சாதி கட்டின சுவரைக் காட்டி டேக்கா வாங்கினான் என்பார்கள். எங்கள் தொழிலில் பொம்பளை சாரம் ஏறுவாள், கல் ஏற்றுவாள், கரண்டி மட்டும் தொட மாட்டாள். அதனால்தான் மறைத்தேன். ராத்திரி ஆறு பேரையும் உட்கார வைத்து நானே சொல்லிவிட்டேன். ஒருத்தன் சிரித்தான். மற்றவர்கள் டேக்கா கிடைக்குமா கிடைக்காதா என்றுதான் கேட்டார்கள்.

வேதாந்தம் ஐயாவிடம் சொல்லுங்கள். சம்மதம்.

கூலி விஷயம். தங்கள் கடிதத்தை வாசித்துக்கொண்டே வந்தேன். பதினைந்து என்கிற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லி உத்தரவு.

‘பதினைஞ்சுக்கு முக்கால் சுவருதான் வரும். மிச்சம் கால் சுவருக்கு அண்ணாச்சி என்ன பண்ணுவாருன்னு கேளு.’

நான் ஒன்றும் சேர்த்து எழுதவில்லை.

கல் எடுத்துக் கொடுக்க அவளுக்கு ஒரு ஆள் வேணும். அதற்கு நான் வருகிறேன்.

கலியன்


ஜனக்புரி,
6-7-1981

கலியனுக்கும் அருக்காணிக்கும்,

நேற்றுக் காலை பத்து மணிக்கு வேதாந்தம் சார் குடையோடு வந்தார். முதலில் பின்சுவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். இது கலியன் அவசரமாக வைத்தது, பிரிக்கப் போகிறோம் என்றேன். கிழக்குப் பக்கம் கூட்டிப்போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தார். ஆபீசில் பைல் பார்க்கிற மாதிரியே பார்த்தார். யார் கட்டினது என்று கேட்டார். கலியன் சம்சாரம் என்றேன்.

பெண்பிள்ளையா, நாளைக்கு அங்கத்தினர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது, என்று இழுத்தார். நான் வாதம் பண்ணவில்லை. நூலைக் கொண்டுவந்து ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன், மறுமுனையை நான் பிடித்தேன். பத்து வரிக்கு ஒன்றாக நாலு இடத்தில் பார்த்தோம். மழை தூற ஆரம்பித்துவிட்டது. நனைந்துகொண்டே மூலையில் தூக்குக்குண்டு விடச் சொன்னார், விட்டேன். அப்புறம் இந்திராணி காபி கொண்டுவந்தாள்.

கடைசியில் சொன்னது இது. இருபத்து நாலு வீட்டையும் ஒரேயடியாகக் கொடுக்க முடியாது. முதலில் நாலு வீடு. டேக்கா கலியன் பேரில். வெளிச்சுவர் முழுதும் அருக்காணி கை. உள்சுவர்களுக்குப் பூச்சு உண்டு, அங்கே உம் எண்ணூறு கல் வேகம் ஓடட்டும். அதை அவருக்கு நான்தான் எடுத்துச் சொன்னேன், வேகத்துக்கும் ஒரு விலை உண்டே. நாலு வீடும் நன்றாக வந்தால் மீதி இருபது. ஆகஸ்டு முதல் தேதி ஆரம்பம். எழுத்து மூலம் சங்கத்திலிருந்து வரும்.

இனி என் சுவர். முக்கால் சுவர் எனக்கு உபயோகப்படாது. நோட்டு லாரியைப் பத்து நாள் தள்ளிப்போடச் சொல்லித் தந்தி கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை வந்துவிடுங்கள். அருக்காணி வளையலை மறக்காமல் வாங்கிக்கொள்ளட்டும், இந்திராணி தினம் ஒருதரம் அதைக் காட்டிக் காட்டிப் பேசுகிறாள்.

கடிதத்திலேயே பேசி முடிவு செய்தது: பின்சுவரை அடிவரை பிரித்து, கல்லைச் சுத்தம் செய்து நனைத்து, கிழக்குச் சுவர் மாதிரியே நாற்பத்தொரு வரி. அருக்காணிக்குக் கொத்தனார் கூலி, நாளுக்கு இருபத்திரண்டு ரூபாய். கல் எடுத்துக் கொடுக்கிற கலியனுக்குச் சித்தாள் கூலி, ஒன்பது. சனிக்கிழமைதோறும் பட்டுவாடா, அவரவர் கூலி அவரவர் கையில். மழையால் வேலை நின்றால் பாதிக் கூலி, இரண்டு பேருக்கும்.

இராஜமாணிக்கம்